வாசுதேவனின் பதினான்கு ஓவர்கள்

நோபல் பார்க், மெல்பேர்ண்
27 ஏப்ரல் 2025

அன்பின் தாரிணி,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். என் எண்ணை நீ ஃபோனில் மறித்து வைத்திருக்கிறாய். மறித்த பிறகும் தபாலில் வருவது, கதவைச் சாத்திய வீட்டை யன்னலால் எட்டிப் பார்ப்பது போலத்தான். பிடிக்காவிட்டால் இந்த இடத்தோடு நிறுத்திவிடு. உன் மெரிலேண்ட்ஸ் விலாசம் போன வருடம் நீ அனுப்பிய பிறந்தநாள் பொதியில் இருந்தது.

உன் அப்பாவை எங்கள் கிரிக்கெட் கழகம் நிறுத்தி ஆறு கிழமை ஆகிவிட்டது. அங்கிள் உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ சிட்னிக்குப் போன பிறகு இங்கே எல்லாமே அந்த ஆதரவாளர் வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கிறது. மார்ச் பதினான்காம் திகதி கூட்டம் முடிந்ததும் தலைவர் இந்திரகுமார் அங்கிள் அதில் இரண்டு வரி போட்டார். ‘பந்துவீச்சுப் பயிற்சியாளர் நித்தியானந்தன் அவர்களின் பத்து வருட சேவைக்கு நன்றி. அடுத்த பருவத்துக்குப் புதிய பயிற்சியாளர் வருகிறார்.’ அவ்வளவுதான். பிறகு வந்ததை நான் எண்ணினேன். ஸ்கோர் எழுதுகிறவளுக்கு அது பழக்கம். இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகள். ‘அப்பாடா’, ‘இப்பவாவது கண் திறந்திச்சே’, ‘டிக் டிக் அவுட்’. பந்து எண்ண உன் அப்பா உள்ளங்கையில் வைத்து அமத்துவாரே, அந்தக் கருவிக்காக வைத்த பட்டப்பெயர் அது. யாரோ அவர் முகத்தில் கல்குலேட்டரை ஒட்டிப் படம் செய்திருந்தார்கள். அதற்கு மட்டும் எண்பது சிரிப்பு. அரையிறுதியில் என் தம்பி சுஜீதனை ஐந்தாவது ஓவரோடு நிறுத்தியதால்தான் தோற்றோம் என்பதுதான் எல்லாருடைய கோபமும்.

அவருக்காக எழுதியவர்கள் மூன்று பேர். அந்த மூன்றில் நான் இல்லை.

இன்னொரு செய்தி. நீ கேள்விப்பட்டிருக்கக்கூடும். ஈஸ்டர் போட்டியில் புதுக் கோச் சுபாங்கன் தம்பியை இரண்டு நாளும் விடாமல் பந்து போடவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓடி வந்தவன் பந்தை விடாமலே முழங்காலில் இருந்துவிட்டான். முள்ளந்தண்டு எலும்பில் வெடிப்பு என்கிறார்கள். இப்போது முதுகுப் பட்டி கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறான். பதினேழு வயது.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் எழுதினேன். கீழே ஒரு வரி எழுதி வெட்டியிருக்கிறேன். அதைப் பார்க்காதே.

மிருணாளினி

*

மெரிலேண்ட்ஸ்
6 மே 2025

மிருணா,

பார்க்காதே என்று எழுதினால் யார் பார்க்காமல் இருப்பார்கள்? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. உன் வெட்டும் உன்னைப்போலவே. பயந்த பிள்ளை, ஆனால் வேலை கச்சிதம்.

பதில் தபாலில்தான் வரும். ஃபோனில் இனி அந்தப் பக்கத்து ஆட்களோடு ஒரு சொல்லும் இல்லை. கூட்டம் முடிந்த அன்றைக்கு அப்பா இந்திரகுமார் அங்கிளுக்குத் தனியாகத்தான் குரல்பதிவு அனுப்பினார். ‘அவன்ர முதுகு உடைஞ்சா நீங்களோ சுமப்பியள்? வளருற எலும்பு ஐசே!’ என்று. அப்பாவுக்கு அழுகை வந்தால் குரல் உடைந்து கீச்சென்று போகும், உனக்குத் தெரியும். அதை எடுத்து, பின்னால் சிரிப்புச் சத்தம் போட்டு, மெல்பேர்ண் முழுக்க விட்டீர்கள். மெல்பேர்ணோடு நின்றதா? போன மாதம் இங்கே மரக்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு பெடியன் அப்பாவை உற்றுப் பார்த்துவிட்டு, ‘அங்கிள், நீங்கள்தானே அந்த முதுகு உடைஞ்சா அங்கிள்? ஒரு ஃபோட்டோ எடுப்பமே?’ என்று கேட்டான். அப்பா நின்று கொடுத்தார். சிரித்துக்கொண்டுதான் நின்றார். வீட்டுக்கு வந்ததும் வெண்டிக்காய்ப் பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவர், அடுத்தநாள் மத்தியானம்தான் எழும்பினார்.

எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். இப்படி இருக்கிறார்.

காலையில் பக்கத்துப் பூங்காவுக்குப் போவார். அங்கே யாரோ முன்பின் தெரியாத பிள்ளைகள் வலைக்குள் பந்து போடுவார்கள். இவர் வாங்கில் உட்கார்ந்து சின்னக் கற்களை ஒரு சட்டைப்பையிலிருந்து மற்றப் பைக்கு மாற்றி மாற்றி எண்ணுவார். யாரும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்வதுமில்லை. கருவி எங்கே அப்பா என்றால், ‘அங்கயே வச்சிட்டு வந்திட்டன்’ என்கிறார்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று அவர் சொல்லமாட்டார். இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும், ‘அந்தப் பிள்ளை பாவம், விடு’ என்றார். அந்தப் பிள்ளை நீதான் என்று நினைக்கிறேன். நீ எப்படிப் பாவமானாய், அதைச் சொல்லு. முதலில் இருந்து சொல்லு. உன் ஸ்கோர் புத்தகத்தில் எழுதுவதுபோல ஒவ்வொரு பந்தாக எழுது.

சுஜீதனுக்கு நடந்ததற்குக் கவலைப்படுகிறேன். அது வேறு, இது வேறு.

தாரிணி

*

நோபல் பார்க்
14 மே 2025

தாரிணி,

உன் கடிதத்தை வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். மருத்துவமனையில் என் வேலை என்னவென்று உனக்கு ஞாபகமிருக்கும். நோயாளிகளின் பதிவுகளைச் சரிபார்ப்பது. எழுதியிருப்பதும் நடந்ததும் ஒன்றுதானா என்று பார்க்கிறதுக்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கேட்டபடி முதலில் இருந்து எழுதுகிறேன்.

அரையிறுதி மார்ச் ஒன்பதாம் திகதி, ஞாயிறு. அதற்கு முதல்நாள் சனிக்கிழமை, நகரத்தின் மறுபக்கத்தில் வெரிபீயில் பழைய மாணவர் கிண்ணப் போட்டி. இந்திரகுமார் அங்கிள் இங்கே கழகத் தலைவர், அங்கே அவர் ஊரில் படித்த பள்ளிக்கூடத்து அணிக்குக் கப்டன். அந்தந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மட்டும்தான் விளையாடலாம் என்பது அங்கே விதி. இங்கேயே படித்த என் தம்பியை அவர் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஸ்கோர் எழுத என்னையும் கூப்பிட்டார்.

அணிப் பட்டியலில் வாசுதேவன் அங்கிளின் பெயர் இருந்தது. நாற்பத்தொரு வயது, முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து நான்கு மாதம். அவர் கூடாரத்துக்குக் கீழே கதிரையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார். அவருடைய பெயரில் என் தம்பி பந்து போட்டான். முதல் ஓவரில் நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு யோசிக்க, இந்திரகுமார் அங்கிள் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்து, ‘பிள்ளை, வாசு எண்டு எழுதும்’ என்றார். எழுதினேன். அன்றைக்கு நடந்த நான்கு ஆட்டத்திலும் சேர்த்துப் பதினான்கு ஓவர், ஒன்பது விக்கெட். சிறந்த பந்துவீச்சாளர் கிண்ணம் வாசுதேவன் அங்கிளுக்கு. அவர் நொண்டி நொண்டிப் போய் வாங்கிக்கொண்டு வந்து தம்பியின் கையில் கொடுத்து, ‘இந்தாடா வாசு’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கிண்ணம் இப்போதும் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், வேறொருவரின் பெயரோடு நிற்கிறது.

இது புதிதல்ல, தாரிணி. அந்தப் போட்டியில் எல்லா அணியும் யாராவது ஒரு பெடியனை இப்படிக் கொண்டுவரும். எல்லாருக்கும் தெரியும். யாரும் குற்றமென்று நினைப்பதில்லை.

அடுத்தநாள் அரையிறுதி. எதிர் அணிக்கு இன்னும் இருபத்தொரு ஓட்டம், கையில் இரண்டு விக்கெட். தம்பி ஐந்து ஓவர் முடித்திருந்தான், இன்னும் மூன்று இருந்தது. உன் அப்பா எல்லைக்கோட்டில் நின்று அவன் ஓடி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு ஏதோ கேட்டார். தம்பி நிலத்தைப் பார்த்துப் பதில் சொன்னான். அங்கிள் எங்கள் கழகக் கப்டனுக்குக் கையைக் காட்டிவிட்டார். தம்பியை நிறுத்து என்று. பதினாறு பந்தில் தோற்றோம். கூடாரங்களுக்குள்ளிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. ஒரு அன்ரி தண்ணீர்ப் போத்தலை எறிந்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். ‘ஏன் நிப்பாட்டினீங்கள்?’ என்று கேட்டார்கள். அங்கிள், ‘சனிக்கிழமை அவன் பதினாலு ஓவர் போட்டிருக்கிறான், அவன்ர வாயாலயே சொன்னவன்’ என்றார். அங்கே இருந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் வெரிபீயில் நின்றவர்கள். பிறகு இந்திரகுமார் அங்கிள் மெல்லத் திரும்பினார். ‘மிருணா, சனிக்கிழமைப் புத்தகம் பையில இருக்கல்லோ? அதில சுஜீதன்ர பேர் இருக்கோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லும் பிள்ளை.’

நான், ‘இல்லை’ என்றேன்.

உன் அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கையில் இருந்த கருவியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். பொய் சொல்லித் தப்பப் பார்க்கிறார் என்று அடுத்தநாளே ஊர் முழுக்கக் கதை. அந்தக் கதைக்கு ஆதாரம் என் கையெழுத்து.

அம்மா அப்பாவுக்கு இந்த நாட்டில் எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் தருவார்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நான் எழுதுவதை வீட்டில் யாரும் சரிபார்த்ததே இல்லை. பெயர் மாற்றியது வெளியே வந்தால் தம்பிக்குத் தடை விழும், மே மாதம் பெரிய கழகம் ஒன்று அவனைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது, அப்பா அதை வேலையிடத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். இவ்வளவையும் ‘இல்லை’ என்பதற்கு முன்பு நான் யோசித்தேன். ஒரு நொடியில் இவ்வளவும் யோசிக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பெரிய கழகத்தின் தெரிவு போன சனிக்கிழமை நடந்தது. தம்பி கட்டிலில் இருந்தான்.

மிருணா

*

மெரிலேண்ட்ஸ்
23 மே 2025

மிருணா,

அப்பாவுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ‘வெடிப்பு இடப்பக்கமோ, வலப்பக்கமோ?’

அவ்வளவுதான். தன் பெயர் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்தான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. புத்தகத்தில் பெயர் இல்லைதான். நீ ஒரு சொல்கூடப் பிழையாகச் சொல்லவில்லை. பரீட்சையிலும் நீ அப்படித்தான். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை, ஒரு வரி கூட இல்லை, குறைய இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ரீச்சர் உன் கொப்பியைத்தான் எல்லாருக்கும் காட்டுவா. நான் உன் பக்கத்தில் இருந்து பொறாமைப்பட்டிருக்கிறேன்.

எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி உன் நெஞ்சை ஆற்றிக்கொள்கிறாய். நான் சிட்னியில் இருக்கிறேன். என்னிடம் சொல்லி என்ன? எந்த அறையில் அந்த ‘இல்லை’ வந்ததோ அந்த ஆட்களுக்கு முன்னால் போய்ச் சொல்லு. குழுவில் எழுதாதே, அதையும் உருட்டி விளையாடுவார்கள். வாயால் சொல்லு. உன் குரலில்.

உனக்குக் கூச்சம், எனக்குத் தெரியும். ஸ்கோர் எழுதினால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை என்றுதானே நீ அந்த மேசையில் போய் இருந்தாய். என் அப்பாவுக்கும் கூச்சம்தான். அவர் பெயரை வைத்துச் சிரித்தபோது யாரும் அதைப் பார்க்கவில்லை.

சொன்ன பிறகு எழுது. சொல்லாவிட்டால் எழுதாதே.

தாரிணி

எந்தப் பக்கம் என்று மட்டும் எழுது. ஒவ்வொரு நாளும் கேட்கிறார்.

*

நோபல் பார்க்
16 ஜூன் 2025

தாரிணி,

இடப்பக்கம்.

நேற்று வருடாந்தப் பொதுக்கூட்டம். எண்பது பேர் இருக்கும். ‘வேறு விடயங்கள்’ என்ற இடத்துக்கு வந்ததும் நான் எழும்பினேன். என் பெயர் கூப்பிடாமல் நான் எழும்பியதை யாரும் முன்பு பார்த்ததில்லை. அதனால் தேநீர் ஊற்றப் போகிறேன் என்று நினைத்து ஒருவர் கோப்பையை நீட்டினார்.

பையிலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கடதாசியில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். மூன்றாவது வரியில் குரல் போய்விட்டது. திரும்பத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். ‘மார்ச் எட்டாம் திகதி வாசுதேவன் என்ற பெயரில் எழுதப்பட்ட பதினான்கு ஓவர்களையும் போட்டது என் தம்பி சுஜீதன். எழுதியது நான். நித்தியானந்தன் அங்கிள் சொன்னது உண்மை.’ இவ்வளவுதான் எழுதியிருந்தேன். வாசித்து முடிக்க ஒரு வருடம் எடுத்ததுபோல இருந்தது.

முதலில் வாய் திறந்தது வாசுதேவன் அங்கிள்தான். ‘எனக்கு முழங்கால் ஏலாது, பந்தைக் குனிஞ்சு பொறுக்கவே ஏலாதெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே. பிறகென்ன இப்ப புதினமா?’ என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு எல்லாம் மாறிவிட்டது, தாரிணி. நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. நடந்தது அதைவிட மோசம்.

‘நித்தி அண்ணை தங்கமான மனுசன் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்’ என்று பின்வரிசையில் ஒருவர். கல்குலேட்டர் படத்தைச் செய்தவர் அவர்தான், எனக்குத் தெரியும். போத்தல் எறிந்த அன்ரி என்னிடம் வந்து கன்னத்தைத் தடவி, ‘பிள்ளை, இதை அப்பவே சொல்லியிருக்கலாமே, அந்த மனுசன் என்ன பாடுபட்டிருக்கும்’ என்றார். கண்ணில் உண்மையாகவே தண்ணீர். பிறகு யாரோ, ‘பெடியன்ர முதுகை உடைச்சது சுபாங்கன்தானே’ என்றார். பத்து நிமிடத்தில் கை தூக்கச் சொல்லிச் சுபாங்கனை நிறுத்திவிட்டார்கள். அவர் அங்கே இல்லை. அவருடைய பக்கத்தை யாரும் கேட்கவில்லை. நான் வாய் திறந்த அதே அறையில்தான் அதுவும் நடந்தது.

நித்தியானந்தன் அவர்களைத் திரும்ப அழைக்கவேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தது இந்திரகுமார் அங்கிள். கைதட்டினார்கள். அவர் இன்னும் தலைவர்தான்.

அப்பா நான் இரண்டாவது தரம் வாசிக்கத் தொடங்கும்போதே வெளியே போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் தம்பி பார்வையைச் சுவரில் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டான். ‘கப்பை ஏன் எடுத்தனீ? அது நான் வெண்டது.’

அவன்தான் வென்றான்.

மிருணா

*

மெரிலேண்ட்ஸ்
24 ஜூன் 2025

மிருணா,

சொன்னாய். அதை நான் மறக்கமாட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சம் நல்லதாக இருக்காது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே இங்கே ஃபோன் அடிக்கத் தொடங்கிவிட்டது. முதலாவது இந்திரகுமார் அங்கிள். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். ‘அண்ணை, நடந்தது நடந்துபோச்சு, பெடியள் எல்லாம் உங்களைத்தான் கேக்கிறாங்கள், வாங்கோ அண்ணை.’ மன்னிப்பு என்ற சொல் வரும் வரும் என்று குசினியில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அப்பா, ‘ஓம் ஓம், பாப்பம்’ என்றார்.

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். கோபப்பட்டால் நானும் சேர்ந்து கோபப்பட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்தநாள் காலையில் பார்க்கிறேன், அந்த வெள்ளைச் சப்பாத்தைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறார். ஒரு கொப்பி வாங்கி அடுத்த பருவத்துக்கு யார் யார் எத்தனை பந்து என்று கோடு போட்டு வைத்திருக்கிறார். நேற்று என்னிடம், ‘தாரிணி, மெல்பேர்ணுக்கு ரெயினில போனா நல்லமோ, பஸ்ஸில போனா நல்லமோ’ என்று கேட்டார். பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கற்கள் சாடியில் கிடக்கின்றன.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறேன். அதற்காக உனக்கு நன்றி சொல்வதா, உன்னைப் பிடித்து உலுக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. கழகம் அவரை ஒருதரம் தூக்கி எறிந்தது. அவர் விழுந்த இடத்திலிருந்து நான்தான் பொறுக்கி எடுத்தேன். இப்போது அவர்கள் விரலைச் சொடுக்க, இவர் சப்பாத்தைக் கழுவுகிறார். நான் தடுத்தால் நான் கெட்டவள்.

உண்மையாகத்தான் கூப்பிடுகிறார்களா, மிருணா? நீ பார்க்கிறவள். எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பவள். எனக்குச் சொல்லு.

முதல் கடிதத்தில் நீ வெட்டிய அந்த வரி என்ன என்பதையும் சொல்லு. அது என் மண்டைக்குள்ளேயே நிற்கிறது.

தாரிணி

*

நோபல் பார்க்
3 ஜூலை 2025

அன்பின் தாரிணி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பதில் எழுத மூன்று நாள் எடுத்ததற்கு மன்னித்துக்கொள். எழுதத் தெரியாமல் இல்லை.

நிர்வாகசபை என்னைத்தான் கூப்பிட்டது, அங்கிளுக்கு முறையான அழைப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லி. ‘நீர்தானே படிச்ச பிள்ளை, அவையளோட பழக்கமும் இருக்கு’ என்றார் இந்திரகுமார் அங்கிள். செப்டெம்பரில் பருவத் தொடக்க விழா. பொன்னாடை, நினைவுக்கேடயம், அவருடைய முகம் பெரிதாகப் போட்ட பதாகை. அந்தக் கல்குலேட்டர்க்காரர்தான் பதாகையை வடிவமைக்கிறார். அங்கிளின் அதே படம்தான். கல்குலேட்டரை மட்டும் எடுத்துவிட்டுப் பூமாலை போட்டிருக்கிறார். எனக்குக் காட்டி, ‘எப்பிடிப் பிள்ளை, வடிவா இருக்கே?’ என்று கேட்டார். இருக்கு என்றேன்.

பிறகு அவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். நான் மடிக்கணினிக்கு முன்னால் இருந்ததால் என்னை மறந்துவிட்டார்கள். என்னை மறப்பது எல்லாருக்கும் சுலபம். ஒருவர், ‘திரும்பவும் அந்த டிக் டிக் கதை தொடங்கினா?’ என்றார். இந்திரகுமார் அங்கிள் சிரித்தார். ‘அதுக்குத்தான் சொல்லுறன், முதல்லயே கதைச்சுப்போட்டு எடுப்பம். அரையிறுதி, இறுதியில எண்ணுறேல்ல எண்டு. வாற ஆசையில மனுசன் தலையாட்டும்.’ ‘ஆட்டாட்டி?’ ‘ஆட்டாட்டி என்ன, ஆக்கள் பாத்துக்கொள்ளுவினம்.’

ஆக்கள் என்றால் அந்த எண்பது பேர். அந்தக் குழுவில் இப்போது முந்நூறு பேர். நான் சொல்ல வருவது உனக்கு விளங்கும்.

அவர் தலையாட்டுவார், தாரிணி. சப்பாத்தைக் கழுவி வைத்திருக்கிறவர் தலையாட்டுவார். பிறகு மார்ச் மாதத்தில் எல்லைக்கோட்டில் நிற்பார். யாரோ ஒருவரின் பிள்ளை ஓடி வருவதைப் பார்ப்பார். அவருக்கு ஓட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்போது கையைக் காட்டினால் மறுபடியும் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகள். காட்டாமல் நின்றால், அவர் வீட்டுக்கு வந்து எந்த முகத்தோடு உனக்கு முன்னால் இருப்பார் என்று நான் யோசித்துப் பார்த்தேன். இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி நடக்கிறான். ஒரு வருடம் பந்து போடக்கூடாது என்றிருக்கிறார்கள், அதற்குப் பிறகும் நிச்சயமில்லை. கழகத்திலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. சுபாங்கன் மட்டும் வந்தார். வாசலிலேயே நின்று, சப்பாத்தைக் கழற்றாமல், ‘அக்கா, எண்ணவேணும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல’ என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எண்ணியிருந்தேன். ஈஸ்டர் இரண்டு நாளும் நான்தான் ஸ்கோர் எழுதினேன். எத்தனை பந்து என்று எனக்கு ஒவ்வொரு ஓவரும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

ஸ்கோர் எழுதுவதை விட்டுவிட்டேன். புத்தகங்களைக் கொடுத்துவிட்டேன். அழைப்புக் கடிதத்தை எழுதவில்லை. நாளைக்கு அவர்களே யாரையாவது பிடித்து எழுதுவார்கள்.

இத்துடன் ஒரு சின்னப் பெட்டி வரும். அங்கிள் மேசையில் வைத்துவிட்டுப் போன கருவி. அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் என் பையில் போட்டுக்கொண்டேன், நான்கு மாதமாக என்னிடம்தான் இருந்தது. முப்பதில் நிற்கிறது. தம்பியின் அந்த ஐந்து ஓவர். நான் அமத்தவே இல்லை. அதைக் கொடுத்து, பூங்காவுக்கே போகச் சொல்லு. அங்கே அவர் எண்ணினால் யாருக்கும் தோல்வி இல்லை.

வெட்டிய வரி என்ன என்று கேட்டாய். ‘அங்கிளைத் திரும்பி வரச் சொல்லு, தம்பிக்கு அவர் வேணும்’ என்று எழுதியிருந்தேன். ஏப்ரலில் அதைக் கேட்கத்தான் அந்தக் கடிதத்தையே எழுதினேன், மன்னிப்புக் கேட்க அல்ல. கடைசியில் கேட்க வெட்கமாக இருந்தது, வெட்டிவிட்டேன்.

இப்போதும் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். உன்னை அவர் கெட்டவள் என்பார். சில நாள் உன்னோடு கதைக்காமலும் இருப்பார். என் பெயரைச் சொல்லு, அந்தப் பிள்ளைதான் தடுத்தது என்று சொல்லு, அதற்கு நான் தயார்.

அவரை இங்கே வர விடாதே, தாரிணி.

மிருணாளினி